மேகத்துக்குப் பட்டா

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பஸ் போர்டு படிப்பேன். பட்டா, சிட்டா, பத்திரம் மூன்றையும் நன்றாகவே படிப்பேன். அதில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் சொல்லிவிடுவேன். அதற்கு மேல் படித்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இருந்ததில்லை. அதனால் அந்த வேன் என் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றபோது, அதன் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருந்ததை நிதானமாகக் கூட்டினேன். மழை. சரி. அடுத்தது மே, லா, ண், மை. மேல் ஆண்மை.

எனக்குப் பகீர் என்றது. தாம்பரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்ன கிழமை, இன்ன லாட்ஜில் வைத்தியர் வந்து தங்குகிறார், ஆண்மைக் குறைவா, கவலை வேண்டாம் என்று சுவர் சுவராக ஒட்டி வைத்திருப்பார்கள். அந்த வைத்தியர்கள் இப்போது வேன் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வர ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

டை கட்டிய ஒருவர் இறங்கி வந்து கும்பிட்டார். "அம்மா, உங்க பிரச்சனை எங்களுக்குத் தெரியும். தீர்வு எங்ககிட்ட இருக்கு" என்றார்.

"எங்க வூட்ல ஆம்பளையே இல்லப்பா" என்றேன். "அவரு போய்ச் சேந்து ரொம்ப வருசமாச்சு. வேற வூடு பாரு."

அவர் முழித்தார். "அம்மா, இது மழைக்கு."

"மழைக்குமா?"

மேலாண்மை என்றால் கட்டி மேய்ப்பது, நிர்வாகம் பண்ணுவது என்று அவர் எனக்குப் புரியவைப்பதற்குள் வேன் டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எழுதுகிறவர்கள் ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். அதற்கு மேல் நான் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

டைக்காரர் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் என் கிரவுண்டு. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. என் மாமனார் நெல் விளைவித்த பூமி. சுற்றி இருந்ததெல்லாம் பிளாட்டாகப் போய்விட்டது. இது ஒன்றை நான் விற்கவில்லை. விற்க மாட்டேன் என்று ஊருக்கே சொல்லியிருந்தேன், சொன்னால் சொன்னதுதான். அதில் புல் போட்டு, சிமெண்டு மேடை கட்டி, விளக்குக் கம்பம் நட்டு, கல்யாணத்துக்கும் ரிசப்ஷனுக்கும் விடுகிறேன். சமையல் கூடத்துக்கு மட்டும்தான் கூரை. மற்றதெல்லாம் ஆகாசம் பார்த்த இடம். சித்திரையில், ஆவணியில் நாள் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மாடு மேயும்.

அப்படிப்பட்ட கார்த்திகையில்தான் டீச்சர் வீட்டுப் பெண்ணின் ரிசப்ஷன் வந்தது.

டீச்சர் என் வீட்டு மேல் போர்ஷனில் குடியிருப்பவர். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவர் பெண் நடை பழகியது என் வீட்டுக் கூடத்தில், சைக்கிள் பழகியது என் கிரவுண்டில். என்னை ஓனர் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். என் தலை முழுக்க வெளுத்த பிறகும், அவள் கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிறகும் நான் ஆன்ட்டிதான். அவளுக்குச் சின்ன வயதில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மாடிப்படி இறங்கி வந்து, என் பச்சரிசி டிரம்மில் கை விட்டு, வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவாள். பச்சரிசி தின்கிற பெண்ணுக்குக் கல்யாணத்தில் மழை கொட்டும் என்பது ஊரறிந்த சங்கதி. "தின்னாதடி, உன் கல்யாணத்தன்னைக்குப் பாரு, ஊரே மெதக்கும்" என்று நான் கத்துவேன். டீச்சர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, அரிசிக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குப் பாடம் எடுப்பார். வயிற்றில் பூச்சி வைக்கும், அதற்காக வேண்டுமானால் திட்டுங்கள் என்பார்.

மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. லீவு கிடைத்ததே அப்போதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் அவர்கள் சர்ச்சில் கல்யாணம் வைக்க மாட்டார்களாம். ஆக, அதற்கு முன்னால் முடித்தாக வேண்டும். டீச்சர் ஏசி மண்டபம் பார்க்கலாம் என்றார். பெண்தான், ஓனர் ஆன்ட்டி கிரவுண்டு இல்லையென்றால் ரிசப்ஷனே வேண்டாம் என்று உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் கண்ணில் கலக்கத்தைப் பார்த்தேன். ஒரே பெண். இரண்டு பக்கத்து ஜனமும் வெளியூரிலிருந்து வருகிறார்கள்.

"டீச்சர், உங்க பொண்ணு மேல ஒரு சொட்டு வுழாது. நான் சொல்றேன்" என்றேன்.

"மழை உங்க பேச்சைக் கேக்குமாம்மா?"

"கேக்கும்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு தினமும் ராத்திரி ஆகாசத்தைப் பார்ப்பதே வேலையாகப் போயிற்று. அந்த நேரத்தில்தான் டைக்காரர் வந்தார்.

மிஷின் என்று அவர் கொண்டுவந்து இறக்கியது, கோயில் திருவிழாவில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைத்தது மாதிரி இருந்தது. ஒன்றரை ஆள் உயரம். அடியில் கேஸ் சிலிண்டர். டமால் என்று ஒரு வெடி. அந்தச் சத்தம் மேலே போய் மேகத்தைக் கலைத்துவிடுமாம், கலையாத மேகத்தை நகர்த்திவிடுமாம். எங்கே நகர்த்தும் என்று நான் கேட்கவில்லை. என் தலைக்கு மேல் இல்லாமல் போனால் சரி என்று இருந்தது. ரிசப்ஷனுக்கு முன்னால் சில நாள் ஓட்டிப் பழக்க வேண்டும் என்றார். மாட்டைப் பழக்குவது போல மேகத்தையும் பழக்க வேண்டும் போலிருக்கிறது என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் வெடியில் எதிர்ப் பிளாட்டில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. தெரு நாய்கள் எல்லாம் ஒரேயடியாக ரயில்வே கேட் பக்கம் ஓடின. என் வீட்டுச் சமையலறையில் எவர்சில்வர் தட்டுகள் தானாக இறங்கி வந்தன. ஆனால் மழை வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. டைக்காரர் போனில் ஏதோ பச்சையும் மஞ்சளுமாகக் காட்டி, பார்த்தீர்களா என்றார். பார்த்தேன். கோலம் மாதிரி இருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு இடித்தது. என் கிரவுண்டில் ஒரு டமால் கேட்டால், கொஞ்சம் பொறுத்துக் கிழக்கிலிருந்து இன்னொரு டமால் கேட்கும். எதிரொலி என்று நினைத்தேன். ஆனால் என் மிஷின் ஓய்ந்திருக்கும்போதும் அங்கே கேட்டது. பதில் சொல்வதற்குக் காத்திருக்காமல் தானாகப் பேசுகிற எதிரொலியை நான் பார்த்ததில்லை.

ஸ்டேஷன் வாசலில் எனக்கு வாடிக்கையாகப் பூ கொடுக்கிற பெண்தான் உடைத்துச் சொன்னாள். அந்த டை கட்டினவர் காலையில் கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறாராம், மத்தியானத்துக்கு மேல்தான் பாலம் ஏறி என் பக்கம் வருகிறாராம். "உன் நாத்தனா கிரவுண்டுலயும் இதே கொழா நிக்குதுக்கா. அவங்க அந்தாண்டேருந்து தள்றாங்க, நீ இந்தாண்டேருந்து தள்ற. மொத்த மழையும் நடுவுல எங்க தலைலதான் வுழுது" என்றாள்.

என் நாத்தனாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என் புருஷனுக்குத் தங்கை. மாமனார் நிலத்தைப் பாகம் பிரித்தபோது தண்டவாளத்துக்கு மேற்கே இருந்தது எங்களுக்கும், கிழக்கே இருந்தது அவளுக்கும் வந்தது. அதில் தகராறு இல்லை. தகராறு தார்ப்பாயில்தான் வந்தது. களத்தில் நெல் குவித்து வைத்திருக்கும்போது மழை வந்தால் இழுத்து மூடுகிற பெரிய தார்ப்பாய். லாரி சாமான் மூடுவதை இரண்டு சேர்த்துத் தைத்தது. நிலத்துக்கெல்லாம் பத்திரம் எழுதினவர்கள் அதற்கு எழுத மறந்துவிட்டார்கள். அவள் ராவோடு ராவாக மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. நான் லான் போட்டதைப் பார்த்து அவளும் லான் போட்டாள். நான் மேடைக்கு நீல விளக்குப் போட்டால் அடுத்த மாதம் அவள் மேடையில் நீல விளக்கு எரியும். இப்போது குழாயும் வைத்துவிட்டாள். ஒரே ஆள், ஒரே வானத்தை எங்கள் இரண்டு பேருக்கும் விற்றிருக்கிறான்.

அன்று சாயங்காலம் பூக்காரி சொன்னதை நானே பார்த்தேன். என் கிரவுண்டில் புல் காய்ந்து கிடக்கிறது. ஸ்டேஷனுக்கு மேல் மட்டும் கறுப்பாக மேகம் நின்று ஊற்றுகிறது. எலெக்ட்ரிக் டிரெயினில் வந்து இறங்கினவர்கள் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்து, ரோட்டுக்கு வந்ததும் காய்ந்த தரையைப் பார்த்து நின்றார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பூக்காரிக்கு அப்படி இல்லை.

மனு போயிற்று. பூ விற்கிறவர்கள், பிளாட்டுக்காரர்கள், சீசன் டிக்கெட்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்தது. ஓர் அதிகாரி வந்து குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனிதர். சத்தத்துக்குச் சட்டம் இருக்கிறது, சிலிண்டருக்குச் சட்டம் இருக்கிறது, மழையைத் தள்ளக் கூடாது என்று மட்டும் எதிலும் எழுதவில்லையே என்று வருத்தப்பட்டார். கம்பெனிக்காரர்கள் மழையில் கை வைப்பதற்கு அரசாங்கம் இப்போதுதான் ஒரு சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறதாம். ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க எங்கள் பக்கத்திலேயே ஒரு கூட்டம் வைத்தார்கள். டீயும் போண்டாவும் கொடுத்தார்கள். டீச்சரைக் கூட்டிக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். என் நாத்தனார் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை; இருமலை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

அதிகாரி எழுதி வைத்திருந்ததைப் படித்தார். உரிமம் பெறாமல் எந்த ஒரு நபரும் எந்த வகையிலும் மழையை வரவழைக்கவோ, தடுக்கவோ, திசை திருப்பவோ முயலக் கூடாது.

டீச்சர் உடனே எழுந்துவிட்டார். எந்த வகையிலும் என்றால் ஜெபமும் அதில் வருமா என்று கேட்டார். அவர் சர்ச்சில் மூன்று வாரமாக மழை வரக் கூடாது என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. என் பேச்சை நம்பவில்லை என்றுதானே அர்த்தம். நானும் எழுந்தேன். பச்சரிசி தின்கிற பெண்ணுக்குக் கல்யாணத்தில் மழை வருகிறதே, அவளும் உரிமம் வாங்கிக்கொண்டுதான் தின்ன வேண்டுமா என்று கேட்டேன். சபை சிரித்தது. அதிகாரி சிரிக்காமல், அம்மா, இது நபருக்கு இல்லை, கம்பெனிக்கு என்றார். அப்போது கம்பெனி என்று எழுதுங்கள் என்றேன். நபர் என்பதை அடித்து நிறுவனம் என்று எழுதினார். டீச்சர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

நான் உட்காரவில்லை. எனக்கு அந்த மிஷின் ஓட வேண்டும், ரிசப்ஷன் முடிகிறவரையிலாவது. அதைக் கேட்கத்தான் போயிருந்தேன். "சார், என் நெலத்துக்கு மேல வர்ற மேகம் என்னுது. அத்த நான் தள்ளுவேன், வெச்சிப்பேன். இத்த யார் கேக்கறது?" என்றேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "தள்ளி வுட்டது எங்க வந்து வுழுதுன்னு கேக்கறவ நான் ஒருத்தி கீறேன். மேகத்துக்குப் பட்டா யார் பேர்ல கீது? இருந்தா எடுத்துக் காட்டச் சொல்லுங்க சார்."

பாகம் பிரித்த பிறகு அவள் என்னை வைத்துப் பேசிய முதல் பேச்சு. அதுவும் சாரைப் பார்த்து. நான் சும்மா இருப்பேனா? முதலில் தள்ள ஆரம்பித்தது யார் என்று கேட்டேன். மழை கடல் பக்கத்திலிருந்துதான் வரும், ஆகையால் அவள்தான் முதலில் தள்ளியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவள், வருகிறதை விட்டுவிட்டால் அண்ணிக்காரி வாங்கிக்கொள்வாளா என்றாள். பேச்சு மேகத்தை விட்டுவிட்டுத் தார்ப்பாய்க்கு வந்தது. கொஞ்ச நேரம் தார்ப்பாய் மேலேயே நின்றது. அதிகாரி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். அரசாங்கக் காகிதத்தில் எங்கள் தார்ப்பாய் ஏறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியில் அவர் டைக்காரரைக் கூப்பிட்டு, மழையை எங்கே அனுப்புகிறாய் என்று கேட்டார். "அட்ஜஸ்ட் பண்ணி அனுப்புறோம் சார்" என்றார் அவர். அந்த இடத்திலேயே அதிகாரி ஒரு வரி சேர்த்தார். மழை எங்கிருந்து தள்ளப்படுகிறதோ அவர்கள் மட்டும் போதாது, எங்கே போய்ச் சேருகிறதோ அவர்களும் சம்மதிக்க வேண்டும். சட்டம் வருகிறவரைக்கும் எங்கள் ஊரில் இப்படி: நான் மிஷின் ஓட்ட வேண்டுமானால் நாத்தனார் அவர் முன்னால் வந்து சரி என்று சொல்ல வேண்டும், அவள் ஓட்ட வேண்டுமானால் நான் சொல்ல வேண்டும். அதுவரை குழாய் இரண்டுக்கும் வாயைக் கட்டிவிட்டார்கள். என் வாயால் நானே கெடுத்துக்கொண்டேன் என்று டீச்சர் நினைத்திருப்பார்.

ரிசப்ஷனுக்கு முந்தின நாள் கடலில் என்னவோ சுழல்கிறது என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். டீச்சர் மாடிப்படியில் உட்கார்ந்து தன்னுடைய பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எனக்கு நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சம்மதம் கேட்க ஆசை இல்லை. அந்தப் பெண்ணுக்காகப் போனேன்.

ஸ்டேஷன் பாலம் ஏறுவது என் முட்டிக்கு ஆகாது. ஒவ்வொரு படியாக ஏறி, நின்று, ஏறி, நடுப் பாலத்துக்கு வந்து நிமிர்ந்தால், எதிரே அவள் நிற்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டு.

"இன்னா, இந்தாண்ட?" என்றாள்.

"பூ வாங்க வந்தேன்."

"பூ நீ ஏறி வந்த படிக்குக் கீழதானே விக்கறாங்க?"

"அந்தப் பூ எனக்குப் புடிக்கல. நீ?"

"டாக்டர் நடக்கச் சொன்னாரு. முட்டி வலி."

"முட்டி வலிக்கு இத்தினி படி ஏறச் சொன்னாரா? நல்ல டாக்டரு."

கீழே ஒரு வண்டி வந்து நின்று, ஜனம் ஏறி, போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அவள் கிரவுண்டிலும் மறுநாள் காலையில் ஒரு காதுகுத்து இருந்தது என்று பூக்காரி சொல்லியிருந்தாள். அவள் வாயைத் திறக்கட்டும், நான் பெரிய மனது பண்ணிச் சரி சொல்கிறேன் என்று நின்றேன். அவளும் அதே மாதிரி நின்றாள்.

"கறுத்துகினு வருது" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான். பூ வாங்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டதால் நான் கிழக்குப் பக்கம் இறங்கியே ஆக வேண்டியிருந்தது. நடக்க வந்ததாகச் சொன்னதால் அவள் மேற்குப் பக்கம் இறங்கினாள். திரும்பி வரும்போது அதே நடுப் பாலத்தில் மறுபடியும் எதிரெதிரே வந்தோம். அவள் ரயிலைப் பார்த்தாள். நான் போர்டைப் படித்தேன்.

மறுநாள் காலை சர்ச்சில் வெயில் அடித்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். சாயங்காலம் கிரவுண்டில் நாற்காலிக்கெல்லாம் வெள்ளை உறை போட்டாயிற்று, மேடையில் பூ வைத்தாயிற்று, சமையல் கூடத்தில் பிரியாணிக்குத் தம் போட்டாயிற்று. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறப் போகிற நேரம். என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

டீச்சர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போது கேட்டில் ஹார்ன் அடித்தது. சாமான் ஏற்றுகிற குட்டி யானை வண்டி. முன் சீட்டில் என் நாத்தனார், காதுகுத்துக்குக் கட்டின புடவையோடு. பின்னால் மலை மாதிரி மடித்து, அந்தத் தார்ப்பாய். இறங்கும்போதே பந்தி ஆட்களை அதட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணி, சும்மா நிக்காத. அந்தாண்ட முனையப் புடி" என்றாள்.

பிடித்தேன். நான்கு விளக்குக் கம்பத்தில் இழுத்துக் கட்டினோம். மேடைக்கும் முன்னால் பாதி கிரவுண்டுக்கும் அது போதுமானதாக இருந்தது. பழைய நெல் வாசனையும் எலி வாசனையும் வந்தது. பூ வாசனையில் கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போயிற்று. கட்டி முடித்ததும் கொட்டியது. சும்மா கொட்டவில்லை. மாப்பிள்ளை வீட்டு ஜனமும் பெண் வீட்டு ஜனமும் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றதில், மற்றபடி ஒரு வருஷம் ஆகக்கூடிய பழக்கம் அன்றைக்கே ஆகிவிட்டது. போட்டோக்காரர் கேமராவைத் தன் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். மேடை மேல் ஒரு சொட்டு விழவில்லை.

அந்தப் பெண் மேடையிலிருந்து என்னைத் தேடிப் பார்த்து, கையைக் குவித்து வாயில் அள்ளிப் போடுகிற மாதிரி காட்டினாள். பச்சரிசி. பிறகு மாப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தார்ப்பாய்க்கு வெளியே, கொட்டுகிற மழைக்குள் போய் நின்றுவிட்டாள். புடவை, தலை, பூ எல்லாம் போயிற்று. இரண்டும் சிரித்துக்கொண்டு நிற்கின்றன.

"ஒரு சொட்டு விழாதுன்னீங்களேம்மா" என்றார் டீச்சர். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"வுழலையே டீச்சர். அவளாப் போய் நனைஞ்சா அது என் கணக்குல வராது."

டீச்சர் மழைக்குள் கையை நீட்டிப் பார்த்தார். பிறகு, "அரிசிக்கும் மழைக்கும் சம்பந்தமில்லைதான்" என்றார். "ஆனா நீங்க அப்பவே சொன்னீங்க." சயின்ஸ் டீச்சர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. எனக்கு அது போதும். மழை வரும் என்றும் சொன்னேன், அவள் மேல் விழாது என்றும் சொன்னேன். இரண்டும் நடந்தது.

சட்டம் இன்னும் வரவில்லை. வரும்போது சம்மதம் பற்றிய அந்த வரி அதில் இருக்கும் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். அது எங்கள் குடும்பத்து வரி. டைக்காரரைப் போன வாரம் பெருங்களத்தூர் சிக்னலில் பார்த்தேன். அதே வேன்தான். மழை என்பதை அழித்துவிட்டுக் கொசு என்று எழுதியிருந்தார். அடுத்த வார்த்தையை நான் கூட்டிப் படிக்கவில்லை.

தார்ப்பாய் என் சமையல் கூடத்துப் பரண் மேல் இருக்கிறது. நாத்தனார் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டாள். காயட்டும் என்று முதல் தடவை சொல்லி அனுப்பினேன். இரண்டாம் தடவை வந்தவனை உட்கார வைத்து, காபி கொடுத்து, உங்கள் முதலாளி அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வா என்றேன்: தார்ப்பாய்க்குப் பட்டா யார் பேரில் இருக்கிறது?